ரங்கூனில் ஒரு ஙோமா

ரங்கூனில் நான் கற்றுக்கொண்ட முதல் பர்மியச் சொல் ‘மஷிபூ’. கப்பலிலிருந்து எங்கள் சாமான்கள் எல்லாம் இறங்கிவிட்டன, என் மிருதங்கப் பெட்டியைத் தவிர. துறைமுக குமாஸ்தா ஒருவரிடம் போய், மடியில் மிருதங்கம் இருப்பதாகப் பாவித்து இரண்டு கையாலும் வாசித்துக் காட்டி, “பெட்டி, பெட்டி” என்றேன். அவர் அன்பாகச் சிரித்து, “மஷிபூ” என்றார். பெட்டியின் மேல் ஏதாவது பூப்படம் போட்டிருந்ததா என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து, “பூவெல்லாம் இல்லை, வெறும் பலகைப் பெட்டி” என்று விளக்கினேன். கால் மணி நேரம் இப்படியே நடந்தது. ‘மஷிபூ’ என்றால் ‘இல்லை’ என்று பக்கத்தில் நின்ற தமிழர் ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்கு வியர்க்க ஆரம்பித்தது.

நான் மாயவரத்து மிருதங்கக்காரன். பாகவதர் ஒருவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வந்திருந்தேன். க்யிம்யிண்டைங்கில் ஒரு முதலியார் வீட்டுக் கல்யாணம். திங்களும் செவ்வாயும் கச்சேரி. நாங்கள் இறங்கியது வெள்ளிக்கிழமை. க்யிம்யிண்டைங் என்ற பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பாகவதர் கடைசிவரை ‘அந்த ஊர்’ என்றே சொல்லிச் சமாளித்தார்.

பெட்டி காணவில்லை என்றதும் பாகவதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு கதை உண்டு. இரண்டு மாதம் முன்பு கும்பகோணத்தில் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் நான் ஓர் எண்ணிக்கை முந்திவிட்டேன். தனி என்பது பாட்டுக்காரர் பாடாமல் தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருக்க, மிருதங்கக்காரன் தன் கைவரிசையைக் காட்டும் நேரம். அதன் முடிவில் கோர்வை என்று ஒன்று வைத்து, தாளத்தின் முதல் தட்டில் ‘தா’ என்று வந்து விழவேண்டும். நான் விழுந்தபோது அவர் கை இன்னும் மேலே இருந்தது. அத்தனை பேர் முன்னிலையில் அவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து கோர்வை நெருங்கினாலே எனக்குக் கை நடுங்கும். மனசுக்குள் எண்ணிக்கொண்டே வாசிப்பேன், எண்ணுவதாலேயே தடுமாறுவேன்.

“நாளன்னைக்கு ராத்திரிக்குள்ள பொட்டி வந்தா நீ உக்காரு. வரல்லேன்னா இந்த ஊர்ல ரயில்வேல ஒருத்தர் இருக்காராம், நன்னா வாசிப்பாராம், அவரை வெச்சுக்கறேன். நீ அடுத்த கப்பல்ல கிளம்பிடு” என்றார் பாகவதர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டே சொன்னார்.

வேறு மிருதங்கம் இரவல் வாங்கலாமே என்று தோன்றும். பாகவதரின் சுருதிக்கு ஒத்த மிருதங்கம் அந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது அந்த ரயில்வேக்காரருடையது. அவரிடம் போய் அதைக் கேட்பதைவிட, என் இடத்தில் உட்காருங்கள் என்று பாயை விரித்துவிட்டு வந்துவிடலாம்.

சனிக்கிழமை காலை விசாரித்ததில், சேரிடம் தெரியாத சாமான்களை அலோன் என்ற பகுதியில் உள்ள கிடங்குகளுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தது. ரிக்‌ஷா ஒன்று பிடித்தேன். ஆவணி மாதம், நம் ஊரில் வெயில் காயும். இங்கே மழை பெய்வதை நிறுத்துவது எப்படி என்பதையே மறந்திருந்தது. பாதி வழியில் தெருவே ஆறாகிவிட, சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. வண்டிக்காரர் தெலுங்கர். அவர் முன்னால் இழுத்தார், நான் இறங்கிப் பின்னால் தள்ளினேன். அலோன் போய்ச் சேர்ந்தபோது, வண்டியில் போனவர் யார், வண்டி இழுத்து வந்தவர் யார் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கிடங்கில் மேஸ்திரி மாரிமுத்து இருந்தார். ரங்கூனிலேயே பிறந்தவர், பர்மிய லோஞ்சி கட்டியிருந்தார். கூலிகள் அவரைக் ‘கோ மாரி’ என்று கூப்பிட்டார்கள். கோமாரி என்றால் எங்கள் ஊரில் மாட்டுக்கு வரும் நோய். இங்கே ‘கோ’ என்பது அண்ணன் என்பதுபோல ஒரு மரியாதை என்று பிறகு தெரிந்தது. அவர் என்னைக் கண்டதும், “வாங்க சயா, ஒக்காருங்க சயா” என்றார். சாயா தரப்போகிறார் என்று நனைந்த வேட்டியோடு ஆசையாக உட்கார்ந்தேன். ஐந்தாறு தடவை சொன்னார், டீ வரவில்லை. ‘சயா’ என்றால் வாத்தியார் என்று அர்த்தமாம்.

“பொட்டி மேல இங்கிலீசுல என்ன எழுதியிருந்துச்சு சயா?”

“என் மைத்துனன் வெள்ளைப் பெயிண்டில் ‘டிரம்’ என்று எழுதினான். மேளத்துக்கு இங்கிலீஷில் அதுதானே?”

மாரிமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டார். “அடக் கடவுளே! இங்க டிரம்முனா பீப்பா சயா. தார் டிரம்மு, எண்ண டிரம்மு. இது ஏதோ மரத்து டிரம்முனு நெனச்சு நாந்தான் ஙப்பிக் கெடங்குல போடச் சொன்னேன்.”

ஙப்பி என்பது இந்த ஊர்க்காரர்களின் உயிர். மீனையும் கூனிறாலையும் உப்புப் போட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுது. அது இருக்கும் தெருவைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கலாம். நான் வீட்டில் மீன் சாப்பிடுகிறவன்தான். பாகவதரோடு வெளியூர் வந்தால் மட்டும் சைவம். அப்படியும் சனிக்கிழமை காலையில் தெருமுனையில் ஒரு அம்மாளிடம் மொஹிங்கா என்கிற மீன்சாற்று நூடுல்ஸை இரண்டு கிண்ணம் குடித்திருந்தேன். அந்த எனக்கே கிடங்கின் கதவைத் திறந்ததும் கண்ணில் நீர் வந்தது. இன்னொரு காரணத்துக்காகவும் திகைத்தேன். பள்ளிக்கூடத்தில் மணலில் ‘ங’ எழுதப் பழகி விரல் தேய்ந்தவன் நான். அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லையும் அதுவரை வாயால் சொன்னதில்லை. கடைசியில் கிடைத்த சொல் இப்படி நாறுகிறது.

பெட்டி இருந்தது. உள்ளே மிருதங்கம் மஷிபூ.

“கப்பல்காரங்க எடுத்துக்கிட்டாங்க சயா” என்றார் மாரிமுத்து. “ஆப்பிரிக்காப் பக்கத்துச் சான்சிபார்க்காரங்க. நெலக்கரி தள்ளுறவங்க. கப்பல் ரிப்பேருல நிக்குது, பக்கத்துக் கொட்டகையில இருக்காங்க. பொட்டிய எறக்கையில உள்ள இருந்து தொம்முனு சத்தம் வந்துச்சா, ஒரு ஙோமாவ ஙப்பி நாத்தத்துல போட்டுப் பூட்டுவியாடான்னு எங்கிட்டச் சண்டைக்கு வந்துட்டாங்க.”

இன்னொரு ங! மேளத்துக்கு அவர்கள் மொழியில் ஙோமா என்று பெயராம். கொட்டகைக்குப் போனோம். ஜுமா என்ற உயரமான மனிதர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். மாரிமுத்து இந்துஸ்தானியில் பேசுவார், ஜுமாவுக்கும் அது வரும். எனக்கு வராது. ஆனாலும் என் சொத்தை நானே கேட்க வேண்டும் என்று முன்னால் போய், என்னைத் தொட்டுக் காட்டி, “ஙோமா!” என்றேன்.

ஜுமாவின் முகம் மலர்ந்தது. கையைப் பிடித்துக் குலுக்கினார். நாளைக்கு மூன்று மணிக்கு வா என்கிறார் என்று மாரிமுத்து சொன்னார்.

“நாளைக்கு எதற்கு? இப்போதே வேண்டும்.”

மாரிமுத்து கேட்டுச் சொன்னார்: “இப்ப எப்படி முடியும்கிறாரு. எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க, யாரு பாடுவா, யாரு ஆடுவாங்கிறாரு.”

“என் மிருதங்கத்தை நான் எடுத்துப் போக யார் ஆட வேண்டும்?” என்று கத்திவிட்டேன்.

வெகுநேரம் விவாதித்தபின் விஷயம் புரிந்தது. அவர்கள் மொழியில் மேளத்துக்கும் ஙோமா, அதற்கு ஆடும் ஆட்டத்துக்கும் ஙோமா, கூடுகிற கூட்டத்துக்கும் ஙோமா. நாம் வாய்ப்பாட்டு, பக்கவாத்தியம், நாட்டியம், ரசிகர் என்று தனித்தனியாகப் பெயர் வைத்து, யார் எங்கே உட்காருவது என்று சண்டையும் போடுகிறோம். அவர்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். நான் என் மேளத்தைக் கேட்டேன். அவர் ஒரு விழாவுக்கே நாள் குறித்துவிட்டார்.

பெட்டியில் இருந்தது எங்கே என்று விசாரித்தால், ஈரமாக இருந்ததால் கப்பலில் கொதிகலன் அறைக்கு வெளியே காயப் போட்டிருப்பதாகச் சொன்னார். தோல் வெடித்தால் ரங்கூனில் யார் புதுத் தோல் மூட்டுவார்கள்? நாளைக்கு அதுவும் ஙோமாவுக்கு வரும், கவலைப்படாதே என்று என் தோளில் தட்டினார் ஜுமா. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலியார் வீட்டில் தேயிலையை ஊறுகாய் போட்டுத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். நாம் கொதிக்கவைத்துக் குடிப்பதை இவர்கள் ஊறவைத்துத் தின்கிறார்கள். வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தகரக் கொட்டகையில் மழைச் சத்தத்துக்கு நடுவே ஏழு பேர் இருந்தார்கள். என் மிருதங்கமும் இருந்தது. அதைத் தூண் மாதிரி நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். வலக்கையால் வாசிக்கும் வலந்தலை வானத்தைப் பார்த்தது. வாரைச் சுற்றிச் சணல் கட்டி, பீர் புட்டியின் தகர மூடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஓடிப்போய்ச் சுண்டிப் பார்த்தேன். தோல் வெடிக்கவில்லை, சுருதி கொஞ்சம் ஏறியிருந்தது, தட்டிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் மூடிகள் ‘ஜர்’ என்று இரைந்தன. துல்லியமான நாதத்துக்காக வாழ்நாளெல்லாம் தவம் கிடக்கும் ஜாதி நாங்கள். ஏன் இந்த இரைச்சல் என்று கேட்டேன். இதன் குரல் துணியில்லாமல் நின்றது, உடுத்திவிட்டோம் என்றார் ஜுமா.

மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அதற்குள் ஒருவர் அதன் முன் நின்று வாசிக்கத் தொடங்கிவிட்டார். சரி, ஒரு பாட்டு முடியட்டும், மரியாதைக்குக் கேட்டுவிட்டு எடுத்துப்போவோம் என்று சாக்குப் பையின் மேல் சம்மணம் போட்டேன். ஒரு பாட்டு முடிவது என்பது அங்கே கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒருவர் ஓர் இரும்புத் தகட்டைத் திருப்புளியால் தட்டினார். கடைசிவரை அவர் மாறவே இல்லை, ஒரே தட்டு வரிசைதான். அவர்கள் கொண்டுவந்த பெரிய மேளம் ஒன்று, மண்ணெண்ணெய்ப் பெட்டி ஒன்று, கல் போட்ட டீத்தூள் டப்பா ஒன்று. மூலையில் ஒருவர் சின்னப் பலகையில் பதித்த இரும்புக் கம்பிகளைக் கட்டைவிரலால் மீட்டிக்கொண்டிருந்தார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் வாசிப்பதும் ஒரு வாரம் பழகினவன் வாசிக்கக்கூடியது. இதற்கா இவ்வளவு ஆரவாரம் என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டேன். பிறகு எல்லாம் சேர்ந்தன. என் சிரிப்பு போய்விட்டது.

தாளம் போட்டுப் பார்த்தேன். ஆதி தாளம் உட்காரவில்லை. ரூபகம் போட்டேன், அதுவும் நழுவியது. மேளம் மும்மூன்றாகப் போகிறது, மண்ணெண்ணெய்ப் பெட்டி இரண்டிரண்டாகப் போகிறது, இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்துச் சிரித்துவிட்டு மறுபடி பிரிகின்றன. நம்மிடமும் மூன்று உண்டு, நான்கு உண்டு. ஒருவர் போனபின் ஒருவர் வருவார்கள். இங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் விட்ட சந்தில் தட்டினார்கள். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் வாசிப்பதற்கு அர்த்தமே இல்லை.

“முதல் தட்டு எது என்று கேளுங்கள்” என்றேன் மாரிமுத்துவிடம்.

கேட்டுவிட்டு வந்தார். “யாரோட மொதத் தட்டுன்னு கேக்கறாரு சயா.”

நான் விரலை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஜுமா என்னைக் கவனித்தார். பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அவர் ஒரு வரி பாடுவார், அவர் வாய் மூடுவதற்குள் கூட்டம் பதிலை ஆரம்பித்துவிடும். அவர்கள் முடிப்பதற்குள் இவர் அடுத்ததைத் தொடங்குவார். நிலக்கரி கேட்டே உயிரை வாங்கும் இஞ்சினியரைப் பற்றியும் ரங்கூன் கொசுவைப் பற்றியும் பாட்டு போய்க்கொண்டிருந்தது. திடீரென்று எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“ஒங்களப் பத்தித்தான் சயா,” என்றார் மாரிமுத்து, வாயைப் பொத்திக்கொண்டு. “கடல் தாண்டி ஒரு ஆள் வந்தான், விரல் பத்தும் இருக்குதான்னு எண்ணிக்கிட்டே ஒக்காந்திருக்கான், எண்ணி முடிச்சதும் எந்திரிச்சு ஆடுவான்னு பாடறாங்க.”

அங்கே சும்மா பார்த்துக்கொண்டிருப்பவன் என்று யாருமே கிடையாது. பார்க்கிறவன் தட்டவேண்டும், தட்டாதவன் பாடவேண்டும், இரண்டும் வராதவன் ஆடவேண்டும். என்னை எழுப்பி நிறுத்தி டீத்தூள் டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். இருபது வருஷம் சாதகம் செய்த வித்வானுக்கு டப்பா குலுக்கும் உத்தியோகம்! அதிலும் தப்பினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு முந்திக்கொண்டது. கும்பகோணம் வந்துவிட்டது என்று காது சிவந்தது. யாரும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஜுமா மட்டும் நான் விட்ட ஓட்டையில் ஒரு கைதட்டு வைத்தார். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் வைத்தார். மூன்றாவது சுற்றில் என் தப்பு தப்பாகவே இல்லை, பாட்டில் ஓர் இடமாகிவிட்டது. சங்கோஜத்தை மறந்து நான் ஆடினேன். கச்சம் அவிழ்ந்ததை மாரிமுத்து சொல்லித்தான் கவனித்தேன்.

மழை விட்டபோது அவர்களாகவே மிருதங்கத்தைத் தலையில் தூக்கிவந்து வண்டியில் வைத்தார்கள். பாடிக்கொண்டேதான். நன்றியில் வாய் தவறி, நாளைக்குக் கச்சேரிக்கு வாருங்கள் என்றேன். வருவார்கள் என்று யார் நினைத்தது?

ஙப்பி வாசனையைப் போக்கும் பொறுப்பை ‘மா தான்’ என்ற பெயருள்ள மாரிமுத்துவின் பர்மிய மனைவி ஏற்றுக்கொண்டார். பர்மியப் பெண்கள் முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டையை அரைத்து மிருதங்கத்தின் கட்டை முழுக்க அப்பித் துடைத்தார். மேலே சந்தனமும் தடவினார். பாகவதர் மூக்கை இரண்டு தடவை உறிஞ்சிவிட்டு, “சந்தனம் கமகமன்னு இருக்கு. அடியில வேற என்னமோ இருக்கே?” என்றார். “ரங்கூன் தோல் பதம் அண்ணா” என்றேன். “சரி, உக்காரு. இன்னிக்கும் தப்பினா நான் பேசமாட்டேன், கப்பல் டிக்கெட்தான் பேசும்” என்றார்.

திங்கட்கிழமை மாலைப் பந்தல் நிரம்பியிருந்தது. பாகவதர் அருமையாகப் பாடினார். தனிக்கு அவர் தலையசைத்தபோது நான் பந்தலின் கடைசியைப் பார்த்தேன். துறைமுகக் கூலிகளோடு மாரிமுத்து நின்றார். அவர் பக்கத்தில் சலவை வெள்ளையில் ஏழு சான்சிபார்க்காரர்கள்.

ஆதி தாளம். ஐந்து நிமிஷம் அவர்கள் சாதுவாகக் கேட்டார்கள். அதற்குமேல் சும்மா நிற்பது பாவம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கவேண்டும். என் சொற்களுக்கு நடுவே ஒரு கைதட்டு வந்தது. பிறகு இரண்டு. பிறகு ஏழு பேரும். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிடில்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் எண்ணிக்கொண்டிருந்த எண் எங்கோ போய்விட்டது. தேடினேன், கிடைக்கவில்லை. ஆனால் கை ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கம் இல்லை. நான் விட்ட சந்துகளில் அவர்கள் தட்டினார்கள், அவர்கள் தட்டாத இடங்களில் நான் வாசித்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக எனக்கு வாசிப்பது சந்தோஷமாக இருந்தது. கோர்வையை மூன்று முறை சுற்றி முடிவுக்கு வந்தேன். சரியான இடம் என்று உடம்புக்குத் தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பாகவதரின் கை மேலே இருந்தது.

கைதட்டியவர்களை முறைத்துப் பார்த்த நேரத்தில் அவர் ஓர் எண்ணிக்கை பின்தங்கிவிட்டார். அவருக்கும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஆனால் கும்பகோணத்தில் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். நான் கழுத்தைத் திருப்பி அவரை ஒரே ஒரு பார்வை பார்த்தால் போதும், பந்தல் முழுக்கப் புரிந்துகொள்ளும். இரண்டு மாதமாகக் கனவில்கூட அந்தப் பார்வையைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது.

என் கண் மிருதங்கத்தை விட்டு நகரவில்லை. கடைசி ‘தா’வை வாசிக்காமல் கையைத் தூக்கியே வைத்திருந்தேன். ஓர் எண்ணிக்கை வெறுமையாக நின்றது. அந்த ஓட்டையில், பந்தலின் கடைசியிலிருந்து, ஜுமாவின் ஒற்றைக் கைதட்டு ‘பட்’டென்று வந்து விழுந்தது. அடுத்த கணம் பாகவதரின் கை இறங்கியது, என் ‘தா’வும் அதோடு இறங்கியது. அவர் பல்லவியை எடுத்தார். குரல் லேசாக உடைந்து, பிறகு சரியாயிற்று. முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அரிசி வியாபாரி ஒருவர் தம் விரல்களையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்ததும் முதலியார் மாலையோடு வந்தார். “தனி பிரமாதம்! கடைசில ஒரு எண்ணிக்கைய சும்மா விட்டு, பின்னாலேருந்து ஒரு தட்டு வந்து, அப்புறம் சேந்து முடிச்சீங்களே, அது என்னங்க? நாங்க கேட்டதே இல்லையே!”

பாகவதர் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். நான் பெட்டியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“அதுவா? ரொம்ப நாளா நாங்க ரெண்டு பேருமா சாதகம் பண்ணி வெச்சிண்டிருக்கறது,” என்றார். “எல்லா ஊர்லேயும் எடுத்து விடறதில்லே.”

அவரோடு வாசித்த அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து ‘நாங்க ரெண்டு பேர்’ என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கண் கலங்கியது. ஙப்பிக் கிடங்கில் வந்த கண்ணீர் வேறு, இது வேறு.

முதலியார் நகர்ந்ததும் பாகவதர் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

“சாமிநாதா, நாளைக்கும் கச்சேரி இருக்கு. அந்தக் கடைசித் தட்டுப் போட்டாரே, அந்த மனுஷரை நாளைக்கு முன்வரிசைல உக்காரச் சொல்லு. நேக்குக் காதுல விழணும்.”